எவர்சில்வரில் ஒரு மீன்

ஓலேட்டி நூகரத்னம் என்ற பெயரை எடுத்தாலே எங்கள் கோதாவரி முகத்துவாரப் பக்கம் முதலில் வருவது ஃபேன் கதைதான். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு பொய்யைத் துடைத்துவிட வேண்டும். காக்கிநாடாவிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் வந்து அவளைப் படம் பிடித்துக்கொண்டு போனார். வலை பின்னிப் பழகிய மீனவப் பெண்ணின் விரல்கள் இன்று இரும்பையும் பின்னுகின்றன என்று எழுதிவிட்டார். நூகரத்னத்துக்கு வலை பின்னத் தெரியாது. அம்மா மீன் விற்றாள், அப்பா படகில் போனார், இவள் பத்தாவது படித்தாள். கிழிந்த வலையைக் கையால் தொட்டதுகூட இல்லை.

“ரெண்டு வருஷம் கண்ணு எரிய எரியக் கத்துக்கிட்டது நானு. பேரு வலைக்கா?” என்றாள். அந்தப் பத்திரிகை மறுநாள் காலை அடுப்புப் பற்றவைக்க உதவியது.

அவள் வெல்டர் ஆனதே ஒரு சண்டையில்தான். கடற்கரையில் எரிவாயு நிலையம் வந்தபோது, சவுக்குத் தோப்பைக் கொடுத்த குடும்பங்களுக்கு வீட்டுக்கு ஓர் ஆள் என்று பயிற்சிக்கு எடுத்தார்கள். இவர்கள் வீட்டுச் சீட்டு தம்பிக்கு. அவனோ விசாகப்பட்டினத்துக்குப் படகோடு போனவன் நேர்முகத் தேர்வு நாள் வரை திரும்பவில்லை. அப்பா சீட்டைக் கைகழுவிவிட்டார். நூகரத்னம் துவைத்த சேலையைக் கட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றாள். ஆம்பளைப் பசங்களுக்குத்தான் என்று குமாஸ்தா சொன்னபோது அவள் கேட்டது இன்றும் ஊரில் புழங்குகிறது. “வீட்டுக்கு ஒரு ஆளுன்னுதானே போட்டிருக்கீங்க. நான் ஆளு இல்லையா?”

சேர்த்துக்கொண்டார்கள். வேலை கைவந்தது. சாதாரணமாக வரவில்லை, அமோகமாக வந்தது. போட்ட ஜாயிண்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்போது மற்ற வெல்டர்கள் எல்லாம் பிரசவ வார்டு வாசலில் நிற்கிற மாதிரி நிற்பார்கள். நூகரத்னம் மட்டும் டீ குடிக்கப் போய்விடுவாள். படத்தைப் பார்க்க மாட்டாயா என்று கேட்டால், போட்டது நான்தானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்பாள். திமிர்தான். அந்தத் திமிரைத் தப்பென்று சொல்ல ஒரு படமாவது கெட்டிருக்க வேண்டும், கெடவில்லை.

அந்த நிலையத்தில் வெல்டர்கள் பயந்த வேலை ஒன்றே ஒன்று. கடலுக்கு அடியிலிருந்து வரும் வாயுவில் ஈரமும் அமிலமும் இருக்கும். அந்த ஈரம் போகும்வரை எவர்சில்வர் குழாய். ஈரத்தை எடுத்த பிறகு அவ்வளவு விலையில் குழாய் எதற்கு என்று சாதாரணக் கருப்பு இரும்பு. இரண்டும் சேருகிற இடத்தை அங்கே எல்லோரும் சம்பந்தி ஜாயிண்ட் என்பார்கள். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. சூடு ஏறினால் எவர்சில்வர் அதிகம் விரியும், இரும்பு அவ்வளவு விரியாது. குழாய்க்குள் வாயு கொதிக்கக் கொதிக்கப் போகும். ஆக அந்த ஜாயிண்ட் ஆயுசு முழுக்க இரண்டு வீட்டு இழுபறியில் நிற்கும். அதைப் போடும்போது சூடு கொஞ்சம் கூடினாலும் வினை, குறைந்தாலும் வினை, உலோகம் மாறினால் பூசுகிற கம்பியும் மாற வேண்டும். எவர்சில்வரைத் தேய்த்த பிரஷ்ஷை இரும்பில் போடக் கூடாது, இரும்பைத் தேய்த்ததை எவர்சில்வரிடம் காட்டவே கூடாது. நூகரத்னம் தன் எவர்சில்வர் பிரஷ்ஷின் பிடியில் மஞ்சள் பெயிண்ட் அடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காத குறை.

அவள் போட்ட முதல் சம்பந்தி ஜாயிண்ட் ஒரு மழைக்காலத்தில். மேலே தார்ப்பாயைக் கட்டி, குழாய்க்குள் காற்று புகாமல் ஆர்கான் வாயுவை நிரப்பி, குந்தியிருந்த கால் மரத்துப் போகும்வரை போட்டாள். படம் எடுத்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு சுத்தம்.

இனி ஃபேன் கதை. விஸ்வகர்மா பூஜை அன்று பட்டறையில் மெஷின்களுக்கெல்லாம் குங்குமம் வைத்து, அந்த வருடத்தின் சிறந்த வெல்டருக்குப் பரிசு கொடுப்பது வழக்கம். ஜாயிண்ட் போட்டவர் தன் நம்பரைப் பக்கத்தில் பெயிண்ட் பேனாவால் எழுத வேண்டும், அதைப் பார்த்துத்தான் ஆபீஸ் ஏட்டில் ஏற்றுவார்கள். நூகரத்னம் எழுதியிருந்தாள். ஆனால் பெரிய அதிகாரி வந்து அந்த முதல் சம்பந்தி ஜாயிண்டைப் பார்த்தபோது அங்கே இருந்தது சிம்மாத்ரியின் நம்பர். சிம்மாத்ரி அனகாபல்லிக்காரர், அப்போதே பதினைந்து வருட அனுபவஸ்தர். யார் அழித்தார்கள், யார் எழுதினார்கள் என்பது இன்றுவரை தீரவில்லை. பெயிண்டர் பையன் பிசகிவிட்டான் என்பது சிம்மாத்ரியின் கட்சி. இருக்கலாம். ஆனால் மாலை போட்டு, கை தட்டி, சீலிங் ஃபேன் பெட்டியை நீட்டியபோது இது என்னுடையது இல்லை என்று அவர் சொல்லவில்லையே. பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நூகரத்னம் போய் முறையிட்டாள். யாரோ போட்டது, போட்டாயிற்று, வேலை நல்லபடியாக முடிந்ததே, அதைப் பாரம்மா என்று அதிகாரி சமாதானம் சொன்னார். அந்த ‘யாரோ’ அவள் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அழவில்லை. மறுநாள் காலை பட்டறை வாசலில் சிம்மாத்ரியை வழிமறித்து, “அண்ணே, என் ஃபேன் நல்லா சுத்துதா?” என்று கேட்டாள். பத்துப் பேருக்கு நடுவில் கேட்டாள். அவரும் சளைத்தவரில்லை. “சுத்துது சுத்துது. கரண்ட் பில்லு நீ கட்டுறியா?” என்றார். அதற்குப் பிறகு வருடக்கணக்காக, கோடை வந்தால், புழுக்கம் வந்தால், சும்மா எதிரே வந்தால்கூட அவள் அதைக் கேட்காமல் விட்டதில்லை. சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். கேட்கிறவள் சிரித்ததில்லை.

அவள் புருஷன் தர்மாராவுக்குத் தாள்ளரேவில் லேத் பட்டறை. படகுகளுக்குத் தண்டும் விசிறியும் கடைந்து கொடுப்பார், அதிகம் பேசாத மனுஷர். பெண்டாட்டியின் ஆற்றாமையைப் பார்த்துப் பொறுக்காமல், பழைய அரத்தை உடைத்துக் கடைந்து அவளுக்கென்று ஓர் உளி முத்திரை செய்தார். முதலில் பெயரின் முதல் எழுத்தை வெட்டப் பார்த்தார். தெலுங்கு எழுத்தின் வளைவும் சுழியும் உருக்கில் ஏறவில்லை. கடைசியில் கை பழகிய கொடுவா மீன் ஒன்றைச் சின்னதாக வெட்டினார். அவளுக்கு முதலில் பிடிக்கவில்லை, வேலைக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள். காய்ச்சி எண்ணெயில் தோய்த்து எடுத்ததும் வால் அப்படிக் கூராக வந்திருந்தது. அந்த வாலைப் பார்த்துச் சமாதானமானாள்.

அதிலிருந்து அவள் போட்ட ஒவ்வொரு சம்பந்தி ஜாயிண்டின் ஓரத்திலும், சூடு காக்கும் பஞ்சுப் போர்வை சுற்றி அலுமினியத் தகடு மூடுவதற்கு முன்னால், ஒரு மீன் நீந்தியது. சுத்தியலால் ஒரே அடி, ஓங்கி. பெயிண்டை அழிக்கலாம், இதை எவன் அழிப்பான்? எங்கே அடிப்பது என்பதிலும் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. இரும்புப் பக்கம் அடித்தால் நாலு மழையில் துரு ஏறி முத்திரை முகம் தெரியாமல் போய்விடும். எவர்சில்வர் பக்கம் அடித்தால் காலத்துக்கும் பளபளக்கும். ஆகவே எப்போதும் எவர்சில்வர் பக்கம்தான் அடித்தாள். முனை மழுங்கிய முத்திரைதான் அங்கே அடிக்கலாம், கூர் முனை ஆகாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். சொன்ன நூறு சங்கதிகளில் அதுவும் ஒன்று. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

வேலி ஓரமாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் நிலையத்தின் குழாய்களைப் பார்த்து மகளிடம் சொல்வாள், உள்ளே அம்மாவின் மீன்கள் இருக்கின்றன என்று. அந்தப் பெண்ணும் வெகுநாள் குழாய்க்குள் நிஜமாகவே மீன் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது.

ஏழு வருடம் கழித்து ஒரு காலை நேரம். குழாய் வரிசையின் அடியில் நடந்துபோன ஆப்பரேட்டர் ஒருவர் தகட்டின் விளிம்பில் ஏதோ கசிவதைப் பார்த்தார், வாடையும் அடித்தது. அந்த லைனை மூடினார்கள். தகட்டைப் பிரித்து, நனைந்து கிடந்த பஞ்சை உரித்தால், சம்பந்தி ஜாயிண்டின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். ஜாயிண்ட் யாருடையது என்று ஆபீஸில் தேட ஒரு நிமிடம் ஆகவில்லை. நூகரத்னத்துடையது.

செய்தி கேன்டீனுக்கு அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. எக்ஸ்ரே படத்தைத் திரும்பிப் பார்க்காதவளின் ஜாயிண்டே பிளந்ததாம் என்று இட்லியோடு சேர்த்து மென்றார்கள். ஒப்பந்த கம்பெனி மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, வெல்டு குறை என்று ரிப்போர்ட் வந்தால் அவளுடைய நம்பரை அடித்துவிடுவோம் என்றார். நம்பர் போனால் அந்தக் கடற்கரையில் எந்த நிலையத்திலும் அவளை உள்ளே விடமாட்டார்கள். வீட்டில் லேத் பட்டறை ஓடுகிறது, பட்டினி கிடக்கப் போவதில்லை. ஆனால் அவள் சம்பாதித்தது எல்லாமே அந்த நம்பர்தான். அது குறை வெல்டின் நம்பராக முடிந்துபோவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பரிசோதனைப் பொறியாளர் ஸ்ரீவாணி குண்டூர்ப் பெண். வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அவளுடைய குண்டூர்ப் பேச்சைக் கேட்டால் மிளகாய் மண்டியில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று வெல்டர்கள் கேலி செய்வார்கள். ஆனால் வேலையில் அவள் கண்ணை ஏமாற்ற முடியாது என்பதையும் அவர்களே சொல்வார்கள். நூகரத்னம் நேரே அவளிடம் போய், தன் ஜாயிண்டைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். வெட்டி எடுத்த துண்டு பட்டறை மேஜையில் கிடந்தது. மேலே தேய்த்துச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயம் ஊறவைத்துத் துடைத்து, வெள்ளைப் பொடி தூவியிருந்தார்கள். எங்கே பிளந்திருக்கிறதோ அங்கே சாயம் வெளியே கசிந்து வந்து கோடு காட்டும். காட்டியிருந்தது.

“உங்க வெல்டுல ஊசி முனை குறை இல்லக்கா. இது இங்க ஆரம்பிக்கவே இல்ல. இதோ, எவர்சில்வர்ல இந்தப் பள்ளம் தெரியுதா? இதுலதான் ஆரம்பிச்சிருக்கு” என்றாள் ஸ்ரீவாணி.

பிறகு பொறுமையாக விளக்கினாள். கூரான எதையோ வைத்து ஓங்கி அடித்ததில் அந்த இடத்தில் உலோகம் இறுகிப்போயிருக்கிறது. ஏற்கெனவே வெல்டு சூட்டின் இழுப்பு, இரண்டு உலோகங்களின் இழுபறி. மேல் தகட்டின் இடுக்கு வழியாக மழை இறங்கி, கடல் காற்றின் உப்பும் சேர்ந்து, போர்வைக்குள்ளே சூட்டில் காய்ந்து காய்ந்து உப்பு ஏறியிருக்கிறது. எவர்சில்வர் துருவுக்கு அசையாது, ஆனால் இழுப்பும் சூடும் உப்பும் ஒன்றுசேர்ந்தால் சத்தமில்லாமல் பிளக்கும். அந்தப் பள்ளம் இல்லையென்றால் இந்த ஜாயிண்ட் இன்னும் இருபது வருடம் நின்றிருக்கும் என்றாள்.

“அடிச்சது யாரு?” என்று நூகரத்னம் கேட்டாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

“ஏழு வருஷம் ஆச்சு. எத்தனை பேரு வந்து போயிருப்பாங்க. யாரோ ஒரு மடையன்னு வெச்சுக்கங்க. ரிப்போர்ட்ல அப்படித்தான் எழுதப் போறேன், மடையனை மட்டும் எடுத்துட்டு.”

தேய்த்த தேய்ப்பில் மீனின் தலையும் உடம்பும் போய்விட்டிருந்தன. வால் மட்டும் மிச்சம். வால் நுனியிலிருந்துதான் அந்தச் சிவப்புக் கோடு கிளம்பி, வெல்டின் ஓரம் வரை வந்து, ஓரத்தோடு ஓடியிருந்தது. உலகத்திலேயே அது மீன்வால் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் தாள்ளரேவில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஆக அவள் தப்பித்துவிட்டாள். நம்பர் பிழைத்தது, பேர் பிழைத்தது. மேனேஜரே வந்து மன்னிப்புக் கேட்காத குறையாகச் சிரித்தார். இப்போது ஒப்பந்த மேற்பார்வையாளராகிவிட்ட சிம்மாத்ரி தூரத்திலிருந்து தலையாட்டினார். அவள் ஃபேனைப் பற்றிக்கூடக் கேட்காமல் பஸ் ஏறியதைப் பார்த்து, உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பேசிக்கொண்டார்கள்.

சாயங்காலம் புளிச்சக்கீரையில் காய்ந்த இறாலைப் போட்டுச் சமைத்தாள். உப்புப் போட மறந்துவிட்டாள். தர்மாராவ் தானே உப்பைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். பாதியில் அவளே எல்லாவற்றையும் சொன்னாள்.

“ஜாயிண்டு நல்லாருக்குன்னு அந்தப் பொண்ணே சொல்லிருச்சில்ல. அப்புறம் நீ எதுக்கு வாயைத் திறக்கணும்?” என்றார் அவர்.

“யாரோ அடிச்சதுன்னு எழுதப் போகுது மாமா.”

“எழுதிட்டுப் போகட்டும்.”

“அன்னைக்கும் யாரோ போட்டதுன்னுதான் சொன்னாங்க. நான் யாரோ இல்லன்னு காட்டத்தானே நீ அந்த உளியைச் செஞ்சு குடுத்தே.”

தர்மாராவ் பிசைந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினார். பிறகு, “கேன்டீனுக்குப் போற வழிக்கு மேல ஒரு லைன் போகுமே. அதுலயும் அடிச்சிருக்கியா?” என்று கேட்டார்.

“அதுலதான் நல்லா அடிச்சேன். எல்லாரும் போற வர்ற இடமாச்சேன்னு.”

அவர் தட்டை நகர்த்தி வைத்தார். “அப்ப காலைல போய்ச் சொல்லிடு.”

அவள் உத்தமி, அதனால் சொன்னாள் என்று கேன்டீனில் இப்போது கதை கட்டுகிறார்கள். நான் அப்படி எழுதமாட்டேன், எழுதினால் அவளே சண்டைக்கு வருவாள். குழாய்க்கு அடியில் நடக்கிறவர்களின் உயிர் அவளை உறுத்தியது உண்மை. அதே அளவுக்கு, தான் செய்த ஒரு காரியத்தின்மேல் ‘யாரோ’ என்று இன்னொரு முறை எழுதப்படுவதையும் அவளால் தாங்க முடியவில்லை. தப்பே ஆனாலும் அது அவளுடையது.

காலையில் வேலை தொடங்குமுன் எல்லோரையும் முற்றத்தில் நிறுத்திப் பாதுகாப்புப் பற்றிப் பேசுவார்கள். அன்று ஸ்ரீவாணிதான் பேசிக்கொண்டிருந்தாள். யாரோ கவனமில்லாமல் அடித்த ஓர் அடியால் வந்த விபரீதம் என்று அவள் சொன்ன இடத்தில், நூகரத்னம் வரிசையை விட்டு வெளியே வந்தாள். சோற்றுப் பைக்குள்ளிருந்து துணியில் சுற்றிய உளியை எடுத்து ஸ்ரீவாணி கையில் வைத்தாள்.

“யாரோ இல்ல மேடம். நான்தான். கவனமில்லாமலும் இல்ல, கவனமாத்தான் அடிச்சேன். இன்னும் எங்கெங்க அடிச்சிருக்கேன்னு காட்டுறேன், வாங்க.”

ஸ்ரீவாணி உளியைத் திருப்பி முனையைப் பார்த்தாள். மீன். பக்கத்தில் நின்ற சிம்மாத்ரி எட்டிப் பார்த்துவிட்டு, இது எதற்கு என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“ஃபேன் உங்க வீட்ல சுத்துது. குழாய்லயாவது என் பேரு இருக்கட்டும்னுதான்” என்றாள். பழக்கதோஷத்தில் இரண்டொருவர் சிரித்துவிட்டு, சிம்மாத்ரியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

மதியத்துக்குள் அவளுடைய நம்பர் ரத்தானது. விதி மீறல், அதில் நியாயம் இல்லாமல் இல்லை. வெளியே அனுப்புங்கள் என்று மேனேஜர் குதித்தபோது, மீன் எங்கே இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியுமா, தெரிந்தால் அனுப்புங்கள் என்று ஸ்ரீவாணி கேட்டாள். மேனேஜர் அடங்கினார்.

நூகரத்னம் சாக்பீஸோடு நிலையம் முழுக்க நடந்தாள். எந்த ஏட்டையும் பார்க்கவில்லை. கிரேன் அறுந்து விழப் பார்த்த இடம், மகள் வயிற்றிலிருந்தபோது வாந்தி எடுத்த இடம், புயலுக்கு முன் அவசரமாக முடித்த இடம் என்று ஒவ்வொரு ஜாயிண்டும் அவளுக்கு மனப்பாடம். அவள் கோடு போட்ட இடத்தில் தகட்டைப் பிரித்தார்கள், பஞ்சை உரித்தார்கள், அங்கே மீன் இருந்தது. சிவப்பு தடவி, துடைத்து, வெள்ளை தூவிவிட்டுக் காத்திருந்தார்கள். பல மீன்கள் சும்மா கிடந்தன. சிலவற்றின் வாலிலிருந்து மெல்லிய சிவப்பு இழை எட்டிப் பார்த்தது.

கேன்டீன் வழிக்கு மேலே இருந்ததுதான் மோசம். இழை வாலிலிருந்து வெல்டின் ஓரம் வரை வந்து நீளமாக ஓடியிருந்தது. ஆழம் அளக்கிற கருவியை வைத்துப் பார்த்த ஸ்ரீவாணி சாரப் பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குழாயின் கனத்தில் காகித அளவுதான் பாக்கி. கீழே ஆட்கள் தட்டும் டம்ளருமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.  நூகரத்னம் தன் கையை, அந்த ஒரே அடி அடித்த கையை, வெட்கத்தோடு பார்த்தாள். அவள் அப்படிக் கூனிக்குறுகி அதற்கு முன்னும் யாரும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஆனால் அவள் அவள்தானே. கீழே இறங்குமுன் இன்னொரு முறை குனிந்து அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். “மேடம், ஓரத்தோட நின்னுருச்சு பாத்தீங்களா? என் வெல்டுக்குள்ள வரல.”

ஸ்ரீவாணிக்கு இருந்த பதற்றத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. “வரலக்கா. ஒரு இடத்துலகூட வரல. ரிப்போர்ட்ல அதையும் எழுதுறேன், உங்க பேரைப் போட்டு.”

பிளக்காத மீன்களை நூகரத்னமே கிரைண்டர் பிடித்துத் தேய்த்தாள். எவர்சில்வருக்கென்றே வைத்திருந்த வட்டு, மஞ்சள் பிடி போட்ட அதே பிரஷ். தேய்த்த இடத்தில் விரலை ஓட்டினால் தடம் தெரியக் கூடாது, அவ்வளவு வழவழப்பாக. மற்றவர்களிடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. போட்டவள் எடுக்கட்டும் என்றாள். உளியைப் புதுப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகத் தரும்படி ஸ்ரீவாணி கேட்டாள், அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அது இப்போது அவள் வீட்டில் நண்டுக்கால் உடைக்கிறது.

நம்பர் இல்லாதவள் வெல்டு தொட முடியாது. ஆகவே ஐ.டி.ஐ. முடித்த பொடியன்களோடு வரிசையில் உட்கார்ந்து மறுபடி தேர்வு எழுதினாள், அதாவது சம்பந்தி ஜாயிண்ட் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். எக்ஸ்ரே எடுக்கும்போது வழக்கம்போல டீ குடிக்கப் போனாள். டீ ஆறிப்போய் ஆடை கட்டியதைக் கடைக்காரர் பார்த்திருக்கிறார். படம் சுத்தமாக வந்தது. புது நம்பர் கொடுத்தார்கள். அந்த நிலையத்திலேயே மிகக் கடைசி நம்பர், நேற்றுச் சேர்ந்த பையனுக்கும் அடுத்தது. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கேன்டீன் வழிக்கு மேலிருந்த குழாயில் கெட்ட துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் துண்டு பொருத்தினார்கள். இடம் குறுகல். ஒரு பக்கம் தூண், ஒரு பக்கம் இன்னொரு குழாய், கண்ணாடியைப் பிடித்து எதிரொளியில் பார்த்துப் போட வேண்டிய இடம். சிம்மாத்ரி நாலு பேரை மனசுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவளைத்தான் ஏறச் சொன்னார். அவள் ஏறினாள். போட்டு முடித்து, பக்கத்தில் பெயிண்ட் பேனாவால் புது நம்பரை எழுதிவிட்டு இறங்கினாள்.

லைனைத் திறக்குமுன் மும்பையிலிருந்து வெளி ஆய்வாளர் ஒருவர் வந்தார். கண்ணாடியும் டார்ச்சுமாகச் சாரத்தில் ஏறி அந்த ஜாயிண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சிவப்புச் சாயத்தைத் துடைக்கிற திரவத்தில் பெயிண்ட் நம்பரும் சேர்ந்து அழிந்துபோயிருந்தது. ஜாயிண்டின் பக்கத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் எவர்சில்வர். கீழே, கேன்டீன் வாசலில், நூகரத்னம் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தாள். மேலே பேசுவது தெளிவாகக் கேட்டது.

இது யார் போட்டது என்று ஆய்வாளர் கேட்டார்.

கூட ஏறியிருந்த சிம்மாத்ரி நம்பர் அழிந்த இடத்தை ஒருமுறை பார்த்தார். அந்த நொடியில் அவள் கிளாஸை இறுகப் பிடித்தாள். அதே மாதிரி ஒரு ஜாயிண்ட், அதே கேள்வி, பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அதே ஆள்.

“நூகரத்னம் போட்டது சார். ஓலேட்டி நூகரத்னம்.”

நம்பர் என்ன என்று ஆய்வாளர் கேட்டார்.

“நம்பர் ஆபீஸ்ல இருக்கும் சார், பாத்துக்கலாம். பேரை எழுதிக்குங்க. எவர்சில்வரையும் இரும்பையும் இந்த மாதிரி சேத்து வெக்க இந்தக் கரையில வேற ஆளு கிடையாது.” கீழே நிற்கிறவளுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். “எனக்கும் வராது. எப்பவும் வந்ததில்ல.”

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். நூகரத்னத்துக்குக் கண் கலங்கியது. வெல்டு வெளிச்சத்தைப் பார்க்கிற கண், அப்படித்தான் இருக்கும் என்று பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிக்கொண்டாள்.

சிம்மாத்ரி சாரத்திலிருந்து இறங்கிக் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து அவள் எதிரில் நின்றார். சித்திரை வெயில், பட்டறைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வருடக்கணக்காகக் கேட்டுப் பழகிய கேள்விக்காக, பதிலையும் தயாராக வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி காத்திருந்தார். சுற்றி நின்றவர்களும் காத்திருந்தார்கள். நூகரத்னம் இன்னொரு கிளாஸை எடுத்து, தன் டீயில் பாதியை அதில் ஊற்றி அவரிடம் நீட்டினாள். ஃபேனைப் பற்றிக் கேட்கவில்லை.